திருப்பிச் சொன்ன வாய்

எனக்கு எண்பத்து மூன்று நடக்கிறது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது மூன்று, மற்ற இரண்டும் என் நாத்தனார் கண்ணை மூடிய பிறகு என் மடிக்கு வந்தவை. ஐந்தும் தலையெடுத்துவிட்டன, ஒன்றும் வீணாகவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பெயர் எழுதுவேன், பஸ்ஸில் போர்டு படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் அவள்தான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். விமானங்களுக்கு இறங்கு, ஏறு என்று வழி சொல்கிற கண்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையையும் பயிற்சியையும் மாற்றப் போகிறார்களாம்.

“மறுபடியுமா?” என்றேன்.

“இதுக்கு முன்னாடி எப்ப மாத்தினாங்க, உனக்கு எப்படி ஆயா தெரியும்?” என்றாள்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? உட்கார், எழுது என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏரோட்ராமில் வேலை பார்த்தார். அப்போதெல்லாம் ஏரோட்ராம் என்றுதான் சொல்வோம். நாங்கள் பூந்தமல்லியில் குடியிருந்தோம். போரூர் தாண்டி, பரங்கிமலை தாண்டி, வெயிலோ மழையோ சைக்கிளில்தான் போவார். அவருடைய அப்பா குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் இவர். கல்யாணம் பேச வந்தபோது, “மாப்பிள்ளைக்கு ஏரோப்ளேன் ஆபீஸ்ல வேலை” என்று சொன்னார்கள். என் அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏரோட்ராமில் டவர் என்று ஓர் உயரமான கட்டடம் உண்டு. உச்சியில் சுற்றிலும் கண்ணாடி. அங்கே கண்ட்ரோலர் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கில் பைலட்டுக்கு உத்தரவு சொல்வார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உதவியாள். அதுதான் இவர். வேறு ஊர் ஏரோட்ராமிலிருந்து டெலிபோன் வரும்: இன்ன விமானம் கிளம்பிவிட்டது, இன்ன உயரத்தில் வருகிறது என்று. கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவன் சரி என்ற பிறகுதான் சீட்டில் எழுதி கண்ட்ரோலர் முன்னால் வைக்க வேண்டும். பைலட்டும் அப்படித்தான், கண்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வான். திருப்பிச் சொல்லாத வார்த்தை அங்கே சொல்லாத வார்த்தை.

அந்த வழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், “அரைக்கிலோ சக்கரை, ஒரு வத்திப்பெட்டி, அதோட துவரம்பருப்பு” என்று அது திருப்பிச் சொல்லாமல் படி தாண்ட விடமாட்டார். என்னையும் விடமாட்டார். “ராத்திரி டூட்டி, சோறு கட்டிடு மே” என்பார். நான் தலையாட்டினால் போதாது. “ராத்திரி டூட்டி, சோறு கட்டணும்” என்று நான் சொல்ல வேண்டும். கட்டிக்கொண்டு வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு பழகிவிட்டது. எங்கள் வீட்டில் எதுவும் மறந்துபோனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் சேர்ந்த காலத்து முறை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை நம்பித்தான் நாங்கள் பல வருஷம் ஓட்டினோம். எஸ்.எஸ்.எல்.சி. படித்த, காது நன்றாகக் கேட்கிற பையனை ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். சில வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்து, கேட்டு, கற்றுக்கொள்வான். ஒருநாள் பெரிய ஆபீசர், “இவனை அனுப்பலாம்” என்பார். வடக்கே பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பாஸ் செய்து வந்தால் நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றி இவர் என்னிடம் சொல்லாத நாளில்லை. கை வைத்தது, சுற்றுவது, உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் பார்க்கலாம்.

என் இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய முறை வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பெட்டி வாங்க வேண்டும், வடக்கே குளிருமாம், கம்பளி வேண்டும் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன்.

“இந்த தபா இல்ல மே” என்றார். “நீ போய்ட்டா இங்க டெலிபோனு யாருய்யா பாக்கறதுன்னு பெரிய ஆபீசரே கேட்டுட்டாரு. அடுத்த தபா நீதான்னாரு.”

“அதுக்கா இப்டி சிரிச்சிக்கினு வர்றீங்க?”

“நான் இல்லாம ஆவாதுன்றாரு மே!”

“நீங்க இல்லாம ஆவாதுன்னா மேல தூக்கி வெக்கணும். ஸ்டூல்லயே ஒக்கார வெச்சா அது இன்னா மரியாதை?” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு நினைத்ததில்லை. சொல்ல வேண்டியதுதான்.

அடுத்த தடவை வருவதற்குள் சட்டம் மாறியது. இனிமேல் கண்ட்ரோலர் வேலைக்கு நேராகவே ஆள் எடுப்பார்களாம். பி.எஸ்சி. படித்திருக்க வேண்டுமாம். ஸ்டூலில் உட்கார்ந்து கற்பதெல்லாம் இல்லை. முதலில் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகுதான் டவர். ஏன் என்று கேட்டேன். விமானங்கள் பெரிதாகிவிட்டன, வேகம் கூடிவிட்டது, எண்ணிக்கை கூடிவிட்டது, பார்த்துப் பழகுவது மட்டும் போதாது என்று அவரே எனக்குச் சொன்னார். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் அவர் வாயால்தான் கேட்டேன். சரி, நியாயம் இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன பதில்?

முதல் பி.எஸ்சி. பையன் வந்தான். அவன் மட்டும் ஒரு மண்டூகமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தினமும் டூட்டி முடிந்து வரும்போது, “புதுசா வந்தவன் எப்டி?” என்று கேட்பேன். ஒருநாளாவது குறை சொல்வார் என்று காத்திருந்தேன்.

“நல்லா செய்றான்மே” என்றார் ஒருநாள். “தண்ணி மாதிரி வருது அவனுக்கு. அதான் பேஜாரு.”

அந்தப் பையன் ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான். இரண்டாவது தடவை பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். திட்டுவதற்குக்கூட வழியில்லாத பிள்ளை.

பிறகு, எங்களைப் போன்றவர்களின் சத்தம் மேலே எங்கேயோ எட்டியிருக்க வேண்டும். பழைய ஆட்களுக்கும் ஒரு கதவு திறந்தார்கள். பி.எஸ்சி. இல்லாவிட்டாலும், இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்கள் ஒரு பரீட்சை எழுதலாம். எழுத்தில் பாஸ் ஆனால் வாய்ப் பரீட்சை. பெரிய ஆபீசர் ஒருவர் பைலட் மாதிரி பேசுவார், பரீட்சைக்கு வந்தவன் கண்ட்ரோலர் மாதிரி பேச வேண்டும். அதிலும் பாஸ் ஆனால் வடக்கே பயிற்சி. பிறகு நாற்காலி.

எழுத்துக்கு அவர் தானே படித்துக்கொண்டார். வாய்ப் பரீட்சைக்கு எதிரில் பேச ஓர் ஆள் வேண்டும். வேறு யார், நான்தான்.

எங்கள் வீட்டு வாசலில் கோலமாவால் நீளமாக இரண்டு கோடு போட்டார். அதுதான் ஓடுபாதை. காலையில் நான் போட்ட கோலத்தை மிதிக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டுவிட்டேன், அதனால் ஓடுபாதை கொஞ்சம் கோணலாகப் போயிற்று. பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு ஓடும். அவை விமானம். நான் இடுப்பில் குடத்தோடு பைலட். அவர் கவிழ்த்துப் போட்ட ஆட்டுக்கல் மேல் நின்று உத்தரவு போடுவார். அவர் சொல்கிற இங்கிலீஷை நான் காதால் பிடித்து அப்படியே திருப்பிச் சொல்வேன். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். “கிளியர்டு டு லேண்ட்” என்று அவர் சொன்னால் இறங்கலாம் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் பிள்ளைகள் தடதடவென்று விழுந்து இறங்கும்.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாய் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்காரம்மாவ மேல பறக்க உட்டுட்டு நீ கீய நின்னுக்கினு கீறே?”

“எறக்கத் தெரிஞ்சவன்தான் பாய் பறக்க உடணும்” என்பார் இவர்.

“சரிப்பா. எம் பொஞ்சாதிய ஒரு தபா எறக்கிக் குடு. காத்தாலருந்து கூரை மேலயே நிக்கிறா.”

உள்ளேயிருந்து பாய் வீட்டம்மா, “ஒன்னத்தான் மொதல்ல எறக்கணும், கடையில குந்திக்கினு வாயி வாயி!” என்று சத்தம் போடுவாள். தெருவே சிரிக்கும்.

நாளாக நாளாக எனக்கும் சூடு பிடித்துவிட்டது. சும்மா இறங்குவதில் என்ன பரீட்சை இருக்கிறது? சாதம் வடித்துக்கொண்டே நான் புதிதாகக் கஷ்டங்களை யோசிப்பேன். “எண்ணெய் தீரப்போவுது” என்பேன். “சக்கரம் ஒண்ணு வெளிய வரமாட்டேங்குது” என்பேன். ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது தோன்றியது: “எனக்குப் பின்னால இன்னொருத்தன் வர்றான், அவனுக்கும் எண்ணெய் இல்ல, அவன் பேச்சே எனக்குக் கேக்கல, இப்ப இன்னா பண்ணுவீங்க?”

அவர் ஆட்டுக்கல் மேல் நின்று கொஞ்சமும் தடுமாறாமல், ஒருவனை மேலே நிறுத்தி, ஒருவனைக் கீழே இறக்கி, இரண்டு பேரையும் காப்பாற்றிவிடுவார். அப்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இதை எழுதிக்கொள், நான் கேட்டிருக்கிறேன்.

எழுத்துப் பரீட்சையில் பாஸ் ஆனார். வாய்ப் பரீட்சை அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். பாய் பெடலுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். மிதித்து வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடித்த பிறகு சொன்னார்.

“ஆபீசரு பைலட்டு மாரி பேசினாரு. இன்ன எடத்துல கீறேன், இவ்ளோ உயரத்துல கீறேன், எறங்கணும்னாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“அவரு சொன்னத அப்டியே திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்த உடல.”

“அப்பால?”

“அப்பால... பென்சிலக் கையில புட்சிக்கினு காத்துக்கினு இருந்தேன்மே. கண்ட்ரோலரு இன்னா சொல்லப் போறாரோன்னு.”

அன்றைக்குக் கண்ட்ரோலர் இவர்தானே. ஆபீசரும் காத்திருந்திருக்கிறார். இவர் பேசாததைப் பார்த்து மறுபடியும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார், நான் இறங்க வேண்டும் என்று. இவர் மறுபடியும் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்டுக்கல் மேல் நின்று உத்தரவு போட்ட மனுஷன்தான். ஆனால் அந்த ஆபீஸ் வாசனை, அந்த மேஜை, எதிரில் ஆபீசர். அதெல்லாம் சேர்ந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்த வாய் முந்திக்கொண்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வருஷக்கணக்காக ஒருவனுக்கு, சொன்னதைத் திருப்பிச் சொல், மேலே ஒரு வார்த்தை பேசாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று ஒருநாள் கூப்பிட்டு, ஏன் நீ திருப்பிச் சொன்னாய் என்று கேட்பது எந்த ஊர் ஞாயம்? இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதலாம் என்றார்கள். நான் விடவில்லை. அந்த வாயை மாற்றுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டு வழக்கத்தையே தலைகீழாக்கினேன். இனிமேல் நான் எது சொன்னாலும் அவர் திருப்பிச் சொல்லக் கூடாது. உத்தரவு மட்டும்தான் போட வேண்டும்.

“கிருஷ்ணாயில் தீந்து போச்சு” என்பேன்.

“கிருஷ்ணாயில் தீந்து...”

“ம்ஹும்!”

“பெரியவள கியூவுல நிக்கச் சொல்லு.”

“அப்டி.”

“சின்னவனுக்குக் காய்ச்சல்.”

“காய்... கஷாயம் போடு. பள்ளிக்கூடம் அனுப்பாத.”

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அப்பா எதையாவது திருப்பிச் சொல்லிவிட்டால் ஐந்தும் சேர்ந்து கத்தும். பாய் கடைக்குப் போனால் பாயும் சோதிப்பார். “அண்ணாத்தே, டயரு தேஞ்சி பூட்ச்சி” என்பார். இவர், “மாத்து பாய்” என்பார். “துட்டு?” என்பார் பாய். “அப்பால” என்பார் இவர். “இது நல்லா கத்துக்கினியே நைனா!” என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவர் வாய் மாறிவிட்டது. நான் சொல்வது பொய்யில்லை. எதிரில் யார் இருந்தாலும் உத்தரவுதான் வந்தது. என் மாமனார் வந்திருந்தபோது அவருக்கே உத்தரவு போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் மத்தியானம், டூட்டி முடிவதற்கு முன்னாலேயே வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றார்.

“பரீட்சை இல்லையாம்மே.”

“தள்ளி வெச்சிருக்காங்களா?”

“எடுத்துட்டாங்க. பழைய ஆளுங்களுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதாம். பி.எஸ்சி. மட்டும்தானாம்.”

நான் வாசலைப் பார்த்தேன். அன்றைக்குக் கோலமாவுக் கோடு அப்படியேதான் இருந்தது. “கைகால் கழுவிக்கினு வாங்க” என்றேன். அவர், “கைகால் கழுவிக்கினு வர்றேன்” என்றார். ஐந்து பிள்ளைகளில் ஒன்றுகூடக் கத்தவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் விட்டிருப்பேன். எமர்ஜென்சி காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்று நினைக்கிறேன், இன்னொரு மாற்றம் வந்தது. வடக்கே பள்ளியில் படித்துவிட்டு வரும் பையன்களை நேராக மைக்கில் உட்கார வைக்காமல், இங்கேயே ஒரு அறையில் மறுபடியும் பழக்க வேண்டுமாம். மேஜைமேல் ஓடுபாதை வரைந்து, மரத்தில் சின்னச் சின்ன விமானங்கள் செய்து வைத்தார்கள். பையன்கள் கண்ட்ரோலராகப் பேசுவார்கள். எதிரில் பைலட்டாகப் பேச ஆள் வேண்டுமே? பழைய ஆட்களில் நல்ல குரல் உள்ளவரைப் போடு என்றார்களாம். போட்டது இவரை.

“போவாதீங்க” என்றேன்.

“டூட்டிமே.”

“ஒங்களுக்குக் குடுக்காத வேலய இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுக்க ஒங்கள கூப்புடறாங்க. வெக்கமா இல்ல?”

“எனக்கு எதுக்கு வெக்கம்? கூப்ட்றவங்களுக்குத்தான் இருக்கணும்” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்குச் சோறு கட்டவில்லை. அதற்காக இன்றைக்கும் வருத்தமில்லை, கேன்டீனில் சாப்பிட்டிருப்பார்.

பல மாதம் அதைப் பற்றி நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அப்புறம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டில் கை வைக்காமல், தானாகவே ஆரம்பித்தார்.

“பின்னால ஒருத்தன் வர்றான், அவனுக்கும் எண்ணெய் இல்ல, அவன் பேச்சு எனக்குக் கேக்கலன்னு சொல்வியே, ஞாபகம் கீதா?”

“ஏன் இல்லாம?”

“அத்தத்தான் இன்னிக்கி அந்தப் பசங்களுக்குப் போட்டேன். இத்தினி நாளா ஒன்னோட கஷ்டத்தத்தான் ஒண்ணொண்ணா எடுத்து உட்டுக்கினு கீறேன். சக்கரம் வராதது, எண்ணெய் தீர்றது, எல்லாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அடுப்படியில் குழம்புக்கு நடுவில் தோன்றியதெல்லாம் அங்கே மேஜைமேல் போயிருக்கிறது.

“எறக்கிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“ஒரு பையன் எறக்கிட்டான். நல்ல பையன். கொஞ்சம் வேர்த்துப் போச்சு அவனுக்கு. ஆனா ரெண்டு பேரையும் எறக்கிட்டான்.”

குழம்பு ஊற்றினேன். அவர் பிசைந்தார். எனக்கு அந்தப் பையன்மேல் சந்தோஷப்படவும் மனம் வரவில்லை, எரிச்சல்படவும் வரவில்லை.

“நீங்களும் எறக்கியிருப்பீங்க” என்றேன்.

“நானும் எறக்கியிருப்பேன்” என்றார். திருப்பித்தான் சொன்னார். அன்றைக்கு நான் ம்ஹும் என்று சொல்லவில்லை.

ரிட்டையர் ஆகிற வரைக்கும் அவர் அந்த அறையில் பைலட்தான். எத்தனையோ பையன்கள் அவர் குரலைக் கேட்டுப் பழகிவிட்டு நாற்காலிக்குப் போனார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தேன், மரியாதையில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தச் சுற்றுகிற நாற்காலியில் ஒரு நாள், ஒரே ஒரு விமானத்தை இறக்க அவரை விட்டிருக்கலாம். விடவில்லை. அது ஆறவில்லை எனக்கு, ஆறப்போவதும் இல்லை. புதிதாக மாற்றப் போகிறவர்கள் மாற்றட்டும். ஸ்டூலில் ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மாற்றட்டும்.

அவ்வளவுதான். பேனாவை மூடாதே. எழுந்து போகவும் கூடாது. நான் சொன்னதை முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் திருப்பிப் படி. நீ நடுவில் எதையாவது அழகுபடுத்தியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி என்று நான் சொல்வேன். அதுவரைக்கும் இது எழுதினதாகக் கணக்கில்லை. ம், படி.